வீட்டுக்காரி சொன்ன நாலு நல்ல வார்த்தை

நூலா ஹெஃபர்னனும் நானும் ஒன்பது வருடமாக ஒரே மருந்துக்கடைக் கவுன்ட்டரில் நிற்கிறோம். கடை இருப்பது பால்பிரிகனில், ரயில் நிலையத்திலிருந்து துறைமுகத்துக்கு இறங்குகிற தெருவில். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கடைக்குள் வருகிற பாதிப் பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். இப்போது டப்ளினில் வீடு கிடைக்காதவர்கள் எல்லாம் ரயிலேறி வடக்கே வந்து எங்கள் ஊரில் இறங்கிவிடுகிறார்கள். உருளைக்கிழங்கு விளைந்த வயல்களில் ஐந்து மாடி எழும்பி நிற்கிறது. அப்படியும் வீடு போதவில்லை. ஒரு ஃபிளாட் காலி என்று விளம்பரம் வந்தால் மாடிப்படி முழுக்க ஆள் நிற்கும்.

நூலாவின் கணவன் ஆறு மாத வேலை என்று ஆஸ்திரேலியாவுக்குப் போனவன், அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். அதற்கு அடுத்த வருடம் அவளும் மகள் க்ளீனாவும் கொரெட்டி முல்விஹில் வீட்டு மாடிக்குக் குடிபோனார்கள். கொரெட்டி பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கணவர் இறந்துவிட்டார், ஒரே மகன் கனடாவில். மாடியில் இரண்டு அறை. ஒன்றில் அம்மாவும் பெண்ணும் படுக்க, இன்னொன்றில் ஒரு சின்ன அடுப்பும் மேஜையும்.

வாடகைக்கு வந்தவர்கள் என்றுதான் பெயர். ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பேரும் கீழேதான் சாப்பிடுவார்கள். நூலாவுக்கு மாலை ஷிஃப்ட் வந்தால் க்ளீனாவுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது கொரெட்டி. சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான். நூலாவின் அம்மா இறந்தபோது சர்ச்சில் குடும்பத்தாரோடு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. அப்படி ஒரு தோழி எனக்கு வாய்த்ததில்லை.

ஆறு வருடம் இப்படிப் போனது. க்ளீனாவுக்குப் பதினைந்து வயது ஆனபோதுதான் பேச்சு எழுந்தது.

"அம்மா, நான் ட்ரெஸ் மாத்தணும்னா பாத்ரூமுக்கு ஓட வேண்டியிருக்கு. நீ குறட்டை விட்டா எனக்குத் தூக்கம் போயிடுது. எனக்குன்னு ஒரு கதவு வேணும், அவ்வளவுதான்," என்றாளாம்.

வேறு வீடு பார்க்கலாமென்று இருப்பதாக நூலா தயங்கித் தயங்கி கொரெட்டியிடம் சொன்னாள். கொரெட்டி டீ ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"இதுல தயங்க என்ன இருக்கு கண்ணு? வயசுப் பொண்ணு, தனி ரூம் வேணாமா? நீ தைரியமாத் தேடு. என்னைப் பத்திக் கவலைப்படாத. இப்ப இருக்கற வீட்டுக்காரி லெட்டர் கேப்பாங்க இல்ல? உன்னைப் பத்தி நாலு நல்ல வார்த்தை நானே எழுதித் தரேன்."

அன்றைக்கே நீலத் தாளில் எழுதிக் கொடுத்தாள். அழகான கையெழுத்து. 'இவரை இழப்பது எனக்குப் பெரிய குறை, இவரைப் பெறுவது உங்களுக்குப் பாக்கியம்' என்று முடித்து, கீழே தன் தொலைபேசி எண்ணையும் போட்டிருந்தாள். நூலா அதைக் கடைக்குக் கொண்டுவந்து என்னிடம் காட்டியபோது கண் கலங்கியிருந்தாள்.

பிறகு தேட ஆரம்பித்தாள். சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட், எங்கள் முதலாளி ஹால்பெனி கொடுத்த கடிதம், கொரெட்டியின் கடிதம், எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில். கடையை ஒரு மணி நேரம் நான் பார்த்துக்கொள்ள அவள் ஓடிப்போய் வரிசையில் நின்று வருவாள்.

"முன்னாடி முப்பத்தஞ்சு பேர்டி. ஒருத்தன் தன் நாயோட போட்டோவைக் கொண்டுவந்து காட்டறான், நல்ல நாயாம், குரைக்காதாம்," என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொல்வாள்.

"நீயும் க்ளீனா போட்டோவைக் கொண்டு போ. குரைக்க மாட்டான்னு சொல்லு."

"பொய் சொன்னா மாட்டிப்பேன்."

ஆரம்பத்தில் இப்படிச் சிரித்தோம். விசித்திரம் என்னவென்றால், முதல் படியில் அவள் தோற்கவே இல்லை. ஏஜென்ட்டுகளுக்கு அவளைப் பிடித்துப் போகும். போன் செய்வார்கள். "உங்களைத்தான் முதல்ல நினைச்சிருக்கோம், ரெஃபரன்ஸ் மட்டும் சரிபார்த்துடறோம்," என்பார்கள். இரண்டு நாள் கழித்து, "மன்னிக்கணும், ஓனர் வேற ஒருத்தருக்குக் கொடுத்துட்டார்," என்று வரும். ஒன்று, இரண்டு, நான்கு, ஏழு. செப்டம்பரில் ஆரம்பித்தது, நவம்பர் வந்துவிட்டது.

ஒவ்வொரு தடவையும் ஆறுதல் சொன்னது கொரெட்டி. ஆப்பிள் டார்ட் சுட்டு வைத்துக்கொண்டு காத்திருப்பாள். "அவனுங்களுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? ரெண்டு சம்பளக்காரங்க டப்ளின்லேர்ந்து வந்து எல்லாத்தையும் அள்ளிட்டுப் போறாங்க. விடு கண்ணு, இதைவிட நல்லதா வரும். அதுவரைக்கும் இது உன் வீடுதானே?" என்பாளாம். அதை நூலா என்னிடம் வந்து சொல்லி, "கொரெட்டி மட்டும் இல்லேன்னா நான் உடைஞ்சே போயிருப்பேன்," என்றாள்.

எட்டாவது ஃபிளாட்டுக்கு ஏஜென்ட், பிரெண்டர்காஸ்ட் அம்மாள். கணவரின் ரத்த அழுத்த மாத்திரைக்கு எங்கள் கடைக்கு மாதாமாதம் வருகிறவள். நூலாவை நன்றாகத் தெரியும். "உனக்குத்தான், பேசி முடிச்ச மாதிரி வெச்சுக்கோ," என்று சொல்லியிருந்தாள். நூலா சுவருக்கு என்ன நிறம் என்பது வரை யோசித்துவிட்டாள். அதுவும் போயிற்று.

அடுத்த வாரம் பிரெண்டர்காஸ்ட் அம்மாள் மாத்திரைக்கு வந்தாள். நூலா உள்ளே இருந்தாள். நான் சும்மா இருக்கவில்லை.

"ஏங்கம்மா, அவளுக்கு என்ன குறைன்னு வேண்டாம்னீங்க?"

"அதெல்லாம் நான் சொல்லக்கூடாது டிம்ப்னா. சட்டமே இருக்கு."

"சட்டம் இருக்கட்டும். எட்டு வீடு ஆச்சு. அந்தப் பொண்ணு முகத்தைப் பார்த்தீங்களா?"

அவள் மாத்திரைப் பையைக் கையில் எடுத்துக்கொண்டாள், கதவு வரை போனாள், திரும்பி வந்தாள். "ஒண்ணு மட்டும் சொல்றேன். அடுத்த தடவை வீட்டுக்காரங்க போன் நம்பர்னு எழுதற இடத்துல வேற யாரோட நம்பரையாவது போடச் சொல்லு." அவ்வளவுதான். போய்விட்டாள்.

அன்று முழுக்க எனக்கு வேலையில் கை ஓடவில்லை. மறுநாள் மதியம் துறைமுகச் சுவரில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிடும்போது நூலாவிடம் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவள் முகம் சிவந்துவிட்டது.

"உனக்குக் கொரெட்டியை என்னிக்குமே பிடிக்காது."

"அந்தம்மா சொன்னதைத்தானே நான் சொல்றேன்..."

"அந்தம்மா தன் மேல தப்பு வரக்கூடாதுன்னு யார் தலையிலயாவது போடறா. கொரெட்டி எழுதின லெட்டரை நீயே படிச்சியே! போதும் டிம்ப்னா. இதை இன்னொரு தடவை எங்கிட்ட பேசாத."

இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. ஒரு கவுன்ட்டரில் நின்றுகொண்டு பேசாமலிருப்பது லேசான வேலை இல்லை. மூன்றாம் நாள் காலையில் கோட்டைக் கழற்றி மாட்டாமலேயே என் எதிரில் வந்து நின்றாள்.

"சரி. போன் பண்ணு. நீயே ஏஜென்ட் மாதிரி பேசு. அவ என்னைப் பத்தி நல்லதாச் சொல்வா, நீ எங்கிட்ட மன்னிப்பு கேப்ப. அதோட முடிஞ்சுது."

மதிய இடைவேளையில் மருந்துப் பெட்டிகள் அடுக்கிய பின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். என் தங்கையின் போனை வாங்கி வந்திருந்தேன், கொரெட்டிக்குத் தெரியாத எண். ஸ்பீக்கரில் போட்டேன். நூலா குழந்தை டயப்பர் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தாள்.

டப்ளின் பணக்காரப் பேட்டைக்காரி மாதிரி மூக்கால் பேசினேன். "வணக்கங்க, வீட்டு ஏஜென்சிலேர்ந்து பேசறேன். நூலா ஹெஃபர்னன்னு ஒருத்தங்க உங்க நம்பர் கொடுத்திருக்காங்க."

"ஆமாங்க! நம்ம வீட்டு மாடியிலதான் இருக்கா. தங்கமான பொண்ணு," என்றாள் கொரெட்டி. "சத்தம் கிடையாது, சண்டை கிடையாது. கூடப் பொறந்தவ மாதிரி."

நூலா என்னைப் பார்த்தாள். 'பார்த்தாயா?' என்கிற பார்வை. எனக்கு வெட்கமாகிவிட்டது. நன்றி சொல்லி வைக்கப் போனேன்.

"ஒரு நிமிஷம்," என்றாள் கொரெட்டி. "இதையெல்லாம் நீங்க எங்கயாவது எழுதி வைப்பீங்களா?"

"இல்லீங்க. பேச்சோட சரி."

"அப்படின்னா... சொல்லவே மனசு வரலை. அவ மேல எனக்கு உசிரு. ஆனா நீங்க இன்னொருத்தர் சொத்தை நம்பிக் கொடுக்கறீங்க, தெரிஞ்சும் சொல்லாம இருந்தா பாவம் இல்லையா?" பெருமூச்சு விட்டாள். "அடுப்பை அணைக்காமப் போயிடுவா. ரெண்டு தடவை நான்தான் ஓடிப்போய் அணைச்சேன், வீடே எரிஞ்சிருக்கும். அப்புறம் அந்தப் பொண்ணு. பதினஞ்சு வயசுதான், ஆனா பசங்க வர்றதும் போறதுமா இருக்காங்க. அக்கம்பக்கத்துல பேச்சு."

போனைத் துண்டித்திருக்க வேண்டும். துண்டிக்கவில்லை.

"இன்னொண்ணு. இது உங்களோட இருக்கட்டும். புருஷன் போன அந்தக் குளிர்காலத்துல அவ உசிரை விடப் பார்த்தா. ரெண்டு வாரம் ஆஸ்பத்திரியில இருந்தா. ஊர்ல யாருக்கும் தெரியாது, எங்கிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கா. இப்ப பாருங்க, வேலையே மருந்துக்கடையில. திரும்ப ஏதாவது ஆச்சுன்னா உங்க ஓனருக்குத்தானே தலைவலி? எங்கிட்டயே இருந்தா நான் பார்த்துப்பேன். பழகின இடம் அவளுக்கு நல்லது."

போனை வைத்தேன்.

அந்தக் குளிர்காலம் எனக்கு நினைவிருந்தது. பித்தப்பை ஆபரேஷன் என்று சொல்லி அவள் லீவு போட்டிருந்தாள். நான் அவள் அம்மா வீட்டுக்கு ஒரு கூடை ஆரஞ்சு கொடுத்தனுப்பினேன்.

நூலா அழவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அடுப்பு பொய். பசங்க விஷயம் பொய்." பிறகு, "மூணாவது நிஜம்," என்றாள்.

"எனக்கு அது எதுக்குடி..."

"பித்தப்பைன்னே நெனச்சுக்கோ டிம்ப்னா." எழுந்து தலையைச் சரிசெய்துகொண்டு கவுன்ட்டருக்குப் போனாள். சாயங்காலம் வரை ஒரு தப்பில்லாமல் மருந்து எடுத்துக் கொடுத்தாள்.

கடை மூடும்போது, "நீயும் வா. தனியாப் போனா அவ சொல்றதை நம்பிடுவேன்," என்றாள்.

மணி ஆறு இருக்கும். க்ளீனா ஹாக்கி பயிற்சிக்குப் போயிருந்தாள். கொரெட்டியின் சமையலறையில் ஆட்டுக்கறி ஸ்டூ கொதித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. "அடடே, டிம்ப்னாவா! உக்காரு உக்காரு, நிறைய இருக்கு," என்று இன்னொரு தட்டை எடுத்து வைத்தாள்.

நூலா கோட்டைக் கழற்றவில்லை. "இன்னிக்கு ஏஜென்ட் யாராவது பேசினாங்களா?"

"பேசினாளே, மத்தியானம் ஒருத்தி. டப்ளின்காரி, மூக்கால பேசினா. உன்னைப் பத்தி அப்படி ஏத்திச் சொன்னேன் கண்ணு! தங்கம்னேன். இது கிடைச்சிடும், நீ வேணும்னா பாரு."

அவள் கண் நூலாவின் கண்ணைவிட்டு விலகவே இல்லை. பொய் சொல்கிறவர்கள் பார்வையைத் தாழ்த்துவார்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

"அந்த மூக்கால பேசினது நான்தான்," என்றேன்.

கொரெட்டி கரண்டியைக் கீழே வைத்தாள். பாத்திரத்தை மூடினாள். அடுப்பைக் குறைத்தாள். எல்லாவற்றையும் நிதானமாகச் செய்தாள். பிறகு கேட்டாள்: "பக்கத்துல யாரு இருந்தா?"

"நான்," என்றாள் நூலா. "எத்தனை பேர்கிட்ட சொன்ன?" ஆறு வருடத்தில் அவள் கொரெட்டியை நேருக்கு நேர் ஒருமையில் பேசி நான் கேட்டதில்லை.

"எல்லாரும் போன் பண்ணலை. அஞ்சு பேர்தான். மத்த மூணு பேரும் அவங்களாத்தான் வேண்டாம்னாங்க. அதுக்கு என்னை நோகாதே."

இதைச் சொல்லும்போது அவள் குரலில் நியாயம் கேட்கிற தொனி இருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. நூலா கை காட்டி என்னை நிறுத்தினாள்.

"நான் உன்னைத் துரத்தலையே கண்ணு," என்றாள் கொரெட்டி. "ஊர்ல மத்தவங்க என்ன பண்றாங்க? விக்கப்போறேன், பையன் வரான்னு சொல்லி, இருக்கறவங்க பெட்டியைத் தூக்கி வெளியில வெக்கறாங்க. நீ இருக்கணும்னுதானே இதைச் செஞ்சேன்? நீங்க ரெண்டு பேரும் போயிட்டா இந்த வீட்ல நான் யார்கூடப் பேசுவேன்? சுவத்தோடயா?"

"இருன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டா இருந்திருப்பியா?"

நூலா யோசித்தாள். அந்த நேரத்திலும் உண்மையாக யோசித்தாள், அதுதான் அவள். "இருந்திருக்க மாட்டேன்," என்றாள்.

"அதான்," என்றாள் கொரெட்டி.

"க்ளீனாவைப் பத்தி அப்படிச் சொல்ல உனக்கு எப்படி வாய் வந்துது?"

கொரெட்டியின் கண்ணில் நீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"இன்னொண்ணு சொன்னியே," என்றாள் நூலா. "அதை நான் எங்கம்மாகிட்டகூடச் சொல்லலை. ஆஸ்பத்திரியில பேர் கேட்டப்பகூட வாய் திறக்கலை. உங்கிட்ட சொன்னேன். இந்த நாற்காலியிலதான் உக்காந்திருந்தேன். நீ எழுந்து வந்து என் தலையைப் பிடிச்சுக்கிட்ட." அவள் குரல் அங்கே உடைந்தது. "அஞ்சு பேர் கொரெட்டி. இந்த ஊர்ல அஞ்சு பேர் என்னைப் பார்க்கறப்ப அதைத்தான் பார்க்கறாங்க."

யாரும் சாப்பிடவில்லை. நான் வீட்டுக்கு வந்தேன். நூலா மாடிக்குப் போனாள்.

கதைகளில் என்றால் மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். பால்பிரிகனில் எங்கே கிளம்புவது? என் வீட்டுக்கு வா என்றேன். என் வீட்டில் மகனும் மருமகளும் குழந்தையும் வீடு கிடைக்காமல் என்னோடு இருக்கிறார்கள், கூடத்தில்தான் இடம். "க்ளீனாவுக்கு இந்த வருஷம் பரிட்சை," என்று மறுத்துவிட்டாள். ஆக, அதே வீட்டில், அதே கூரைக்குக் கீழே, இன்னும் மூன்று மாதம் இருந்தாள். கொரெட்டி மாடிப்படியில் மூடி போட்ட தட்டு வைப்பாள். நூலா தொடமாட்டாள். க்ளீனா எடுத்துச் சாப்பிடுவாள். அவளுக்கு எதுவும் தெரியாது. நூலா சொல்லவில்லை.

"ஏன் சொல்லலை?" என்று கேட்டேன்.

"சொன்னா முழுசாச் சொல்லணும். மூணாவதையும்," என்றாள்.

பிரெண்டர்காஸ்ட் அம்மாளிடம் நான் போய் நடந்ததைச் சொன்னேன். நூலாவிடம் கேட்காமல் செய்தது தப்புதான். அந்தம்மாள் வெட்கப்பட்டு, கைவசம் இருந்த இன்னொரு ஃபிளாட்டைத் தருவதாகச் சொன்னாள். நூலா வேண்டாம் என்றுவிட்டாள். "அவங்க எனக்கு இரக்கப்பட்டு வீடு தர வேண்டாம்," என்றாள். என் மேலும் கோபம். விண்ணப்பங்களில் வீட்டுக்காரர் எண் எழுதும் இடத்தைக் காலியாக விட்டாள். காலியாக விட்டால் ஏஜென்ட்டுகளுக்குச் சந்தேகம் வரும். இன்னும் நான்கு வீடு போயிற்று.

பிப்ரவரியில் கிடைத்தது. ரயில் பாதையை ஒட்டிய கட்டடத்தில் நான்காவது மாடி. ஏஜென்ட் இல்லை, சொந்தக்காரரே வந்து காட்டினார், காவன் மாவட்டத்து விவசாயி. கடிதம் எதையும் படிக்கவில்லை. "நாய் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும் சாவியைக் கொடுத்துவிட்டார்.

வீடு மாற்றுகிற அன்று நானும் போயிருந்தேன். பெட்டிகளை இறக்க வசதியாகக் கொரெட்டி வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள், யாரும் கேட்காமலேயே. நூலா அவளைக் கடந்து எட்டுத் தடவை போய் வந்தாள். க்ளீனா கடைசியில் கொரெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை வரேன், டார்ட் செஞ்சு வைங்க," என்றாள். கொரெட்டி நூலாவைப் பார்த்தாள். நூலா கையில் ஒரு விளக்கோடு நின்றிருந்தாள். போகாதே என்று மகளிடம் சொல்லவில்லை. விளக்கைக் காரில் வைத்துவிட்டு முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். க்ளீனா இன்றைக்கும் ஞாயிறுகளில் அங்கே போகிறாள்.

ஏப்ரலில் ஒரு நாள் கொரெட்டி கடைக்கு வந்தாள், கொழுப்பு மாத்திரைச் சீட்டோடு. நான் ஒரு கிழவருக்கு இன்ஹேலர் பிடிக்கக் காட்டிக்கொண்டிருந்தேன். விட்டுவிட்டு வர முடியவில்லை. நூலா சீட்டை வாங்கிப் பார்த்தாள்.

"பேரு?"

கொரெட்டி சிரிக்கப் பார்த்தாள். நூலா பேனாவோடு காத்திருந்தாள்.

"கொரெட்டி முல்விஹில்."

"பிறந்த தேதி?"

சொன்னாள். முகவரியும் கேட்டாள், அதையும் சொன்னாள். அந்த முகவரியில் நூலா ஆறு வருடம் இருந்திருக்கிறாள். மாத்திரையை எடுத்து, லேபிள் ஒட்டி, பையில் போட்டு நீட்டினாள். "ராத்திரி ஒண்ணு. தசை வலி வந்தா டாக்டரைப் பாருங்க." எல்லோருக்கும் சொல்வதுதான். கொரெட்டி பையை வாங்கிக்கொண்டு, ஏதோ சொல்ல வாயெடுத்து, பின்னால் ஆள் நிற்பதைப் பார்த்துவிட்டு வெளியே போனாள். அதற்குப் பிறகு அவள் கடற்கரைப் பக்கத்து மருந்துக்கடைக்குப் போகிறாள் என்று கேள்வி.

நூலாவின் ஃபிளாட்டுக்கு நான் ஒரு தடவை போயிருக்கிறேன். அவளாகக் கூப்பிட்டாள். க்ளீனாவின் அறைக் கதவில் 'தட்டாமல் வராதே' என்று எழுதி ஒட்டியிருந்தது. ரயில் போகும்போது கப்பெல்லாம் லேசாக அதிர்ந்தது, அவர்களுக்கு அது பழகிவிட்டது. நூலா டீ போட்டாள், கேக் வெட்டினாள், முதலாளியைக் கேலி செய்தாள், என் பேரன் பல் முளைத்த கதையைக் கேட்டுச் சிரித்தாள். இரண்டு மணி நேரம் நன்றாகத்தான் பேசினோம். திரும்பி நடக்கும்போதுதான் உறைத்தது, தன்னைப் பற்றி அவள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. அந்தக் குளிர்காலத்தை அவளே என்னிடம் என்றாவது சொல்லியிருப்பாளோ என்னவோ. இப்போது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும், அதனால் இனி சொல்ல மாட்டாள்.